கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம்

6. தேதி இருக்கிறது, இடம் எங்கே?

2009 ஜனவரி 22, வியாழக்கிழமை. ஒபாமா பதவியேற்று நாற்பத்தெட்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஓவல் அலுவலக மேசைக்கு முன்னால் கேமராக்கள். பின்னால் ஓய்வுபெற்ற ஜெனரல்களும் அட்மிரல்களும் வரிசைகட்டி நிற்கிறார்கள். பக்கத்தில் துணை அதிபர் ஜோ பைடன்.

ராணுவத்தில் ஆயுளைக் கழித்த இந்தப் பெரியவர்களை எதற்காக வரவழைத்தார்கள்? குவாண்டனமோ சிறையை மூடுவது கோழைத்தனம் என்று நாளைக்கு யாராவது கிளம்பினால், இவர்களைவிடவா நீ பெரிய தேசபக்தன் என்று திருப்பிக் கேட்கத்தான். ஏற்பாடு பிரமாதம்.

ஒபாமா இடதுகைக்காரர். மணிக்கட்டை வளைத்துக் கையெழுத்துப் போட்டார். நிர்வாக ஆணை எண் 13492. குவாண்டனமோ விரிகுடாவில் உள்ள காவல் முகாம்கள் கூடிய விரைவில், அதிகபட்சம் இன்றிலிருந்து ஓராண்டுக்குள், மூடப்படும். அறையில் கைதட்டல்.

அதன் பிறகு நடந்த ஒரு சின்ன விஷயம் அன்றைய கொண்டாட்டத்தில் அவ்வளவாக எடுபடவில்லை. மீதமிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒபாமா, சட்டென்று வெள்ளை மாளிகையின் தலைமை வழக்கறிஞர் கிரெக் கிரெய்க் பக்கம் திரும்பினார். கைதிகளை என்ன செய்யப்போகிறோம் என்பதற்குத் தனியாக ஓர் ஆணை இருக்கிறதா, கிரெக்? கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கென்று ஒரு நடைமுறையை உருவாக்கப்போகிறோம் என்று கிரெய்க் பதில் சொன்னார்.

நடைமுறை இனிமேல்தான். ஆனால் கெடு இன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆணையை வரி வரியாகப் படித்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மிச்சமிருக்கும் கைதிகள் சொந்த நாட்டுக்கு அனுப்பப்படுவார்கள், அல்லது விடுவிக்கப்படுவார்கள், அல்லது வேறொரு நாட்டுக்கோ அமெரிக்காவிலேயே உள்ள வேறொரு காவல் இடத்துக்கோ மாற்றப்படுவார்கள். எந்த நாடு? அமெரிக்காவில் எந்த ஊர்? ஒரு பெயர்கூட இல்லை. தேதி குறித்தாகிவிட்டது. இடம் குறிக்கப்படவில்லை. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நடந்த அத்தனை கூத்துக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஒபாமா ஏதோ தனிக்காட்டு ராஜாவாகக் கிளம்பி இந்த வாக்குறுதியைக் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். சிறையைத் திறந்த ஜார்ஜ் புஷ்ஷே 2006-இல் அதை மூடத்தான் விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய முன்னாள் வெளியுறவு அமைச்சர் கோலின் பவல், 2007-இல் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு அல்ல, இன்று பிற்பகலே மூடிவிடுவேன் என்றார். 2008 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன், வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாகக் கிடந்து சித்திரவதை பட்டவர். அவரும் மூடுவேன் என்றுதான் வாக்குக் கேட்டார். கைதிகளைக் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள லெவன்வொர்த் ராணுவச் சிறைக்கு மாற்றலாம் என்று ஊர்ப் பெயரோடு சொன்னவர் அவர். உடனே கன்சாஸ் செனட்டர்கள் முகம் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பை ஒபாமாவின் ஆட்கள் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸை ஒபாமா அதே நாற்காலியில் தொடரச் சொல்லியிருந்தார். அந்த கேட்ஸ் 2008 மே மாதமே செனட் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: மாட்டிக்கொண்டிருக்கிறோம். விடுவிக்கலாம் என்று முடிவானவர்களைச் சொந்த நாடுகள் வாங்கிக்கொள்ள மறுக்கின்றன. சில நாடுகளிடம் கொடுத்தால் அடுத்த நாளே திறந்து விட்டுவிடுமோ என்று பயம். வேறு சில நாடுகளிடம் கொடுத்தால் தோலை உரித்துவிடுமோ என்று பயம்.

புஷ் காலத்திலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அனுப்ப எளிதானவர்கள் எல்லாரும் போயாகிவிட்டது. ஒபாமா கையில் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 240 பேர். ஏழு வருடம் சலித்த பிறகு சல்லடையில் தங்கியவர்கள்.

இவர்களைப் பற்றிய கோப்புகளைக் கொண்டுவாருங்கள் என்றது புதிய அரசு. அங்கேதான் முதல் அதிர்ச்சி. ஒரு கைதிக்கு ஒரு கோப்பு என்று எதுவுமே கிடையாது. கொஞ்சம் சி.ஐ.ஏ.விடம், கொஞ்சம் எஃப்.பி.ஐ.யிடம், கொஞ்சம் பென்டகனில், கொஞ்சம் குவாண்டனமோ முகாமிலேயே. ஒரு மனிதனைக் கால வரம்பில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் பூட்டினோம் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நீதித்துறையைச் சேர்ந்த மேத்யூ ஓல்சன் தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் சிதறிக் கிடந்ததை எல்லாம் திரட்டும் வேலையை ஆரம்பித்தார்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆனது.

திரட்டத் திரட்ட, இன்னொரு சிக்கல் தலைநீட்டியது. உண்மையிலேயே ஆபத்தானவர்கள் என்று நம்பப்பட்ட சிலரைக்கூட நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. உதாரணம், முகமது அல் கஹ்தானி. செப்டம்பர் 11 விமானக் கடத்தலில் இருபதாவது ஆளாக இருந்திருக்க வேண்டியவர் என்று சந்தேகிக்கப்பட்டவர். அவர் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு சூசன் க்ராஃபோர்ட் என்ற அதிகாரியிடம் இருந்தது. புஷ் அரசு நியமித்த முன்னாள் நீதிபதி அவர். அனுப்ப முடியாது என்றார். காரணமாக அவர் சொன்னது: நாம் அவரைச் சித்திரவதை செய்திருக்கிறோம். ஒபாமா பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, 2009 ஜனவரியில், இந்த வாக்குமூலம் பத்திரிகையில் வந்தது. அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. செல்லாததால் தண்டிக்க முடியாது. தண்டிக்க முடியாதவரை விடவும் மனசில்லை. இந்த முடிச்சை எந்தக் கையெழுத்து அவிழ்க்கும்?

சரி, கடினமானதை அப்புறம் பார்ப்போம், எளிதானதிலிருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தார் கிரெய்க். புத்திசாலித்தனமான முடிவு. அந்த 240 பேரில் குற்றமற்றவர்கள் என்று அரசாங்கமும் நீதிமன்றமும் ஒத்துக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. பதினேழு பேர். அத்தனை பேரும் உய்குர்கள்.

இவர்கள் சீனாவின் சின்ஜியாங் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம்கள். பெய்ஜிங்கின் கெடுபிடி தாளாமல் வெளியேறி ஆப்கானிஸ்தான் வந்து, தோரா போரா மலைப்பக்கத்தில் ஒரு சிதிலமான குடியிருப்பில் தங்கியிருந்தார்கள். 2001 அக்டோபரில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. பிழைத்தவர்கள் மலையேறி எல்லை தாண்டிப் பாகிஸ்தான் கிராமம் ஒன்றில் ஒதுங்கினார்கள். கிராமத்தார் வரவேற்றுச் சோறு போட்டார்கள். பிறகு பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். சந்தேகத்துக்குரிய அந்நியரைப் பிடித்துக் கொடுத்தால் பணம் என்று அமெரிக்க விமானங்கள் துண்டறிக்கை தூவியிருந்த காலம் அது. தலைக்கு 5,000 டாலர் வீதம் கைமாறியது.

மொத்தம் 22 உய்குர்கள் குவாண்டனமோ வந்து சேர்ந்தார்கள். விசாரித்தவர்களுக்குச் சீக்கிரமே விஷயம் புரிந்துவிட்டது. இவர்களுடைய ஒரே எதிரி சீன அரசு, அமெரிக்காமேல் இவர்களுக்கு ஒரு கோபமும் இல்லை. சீனாவுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் புரிந்தது. 2006-இல் ஐந்து பேரை அல்பேனியா ஏற்றுக்கொண்டது. சீனா அல்பேனியாவின் கழுத்தில் ஏறி உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, மற்ற நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. மிச்சம் பதினேழு.

2008 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவர்களில் ஒருவருக்கு எதிராக அரசு நீட்டிய ஆதாரங்களைப் பிரித்து மேய்ந்தது. ஒரே குற்றச்சாட்டை மூன்று ஆவணங்களில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடாது என்று தீர்ப்பெழுதினார் மெரிக் கார்லண்ட். பிற்காலத்தில் பைடன் அரசில் அட்டர்னி ஜெனரலாக வந்தாரே, அவரேதான். அக்டோபர் 7-ஆம் தேதி மாவட்ட நீதிபதி ரிக்கார்டோ உர்பினா ஒரு படி மேலே போனார். பதினேழு பேரையும் அந்த வெள்ளிக்கிழமையே என் நீதிமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள், நான் இங்கிருந்தே விடுதலை செய்கிறேன் என்றார்.

நீதிமன்றத்தில் இருந்த உய்குர் குடும்பங்கள் அழுதுவிட்டன. வாஷிங்டனைச் சுற்றிய பகுதிகளில் இருந்தவர்கள் தங்கள் வீட்டில் அறை ஒழித்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். புஷ் அரசு மேல்முறையீடு செய்து தடை வாங்கியது. 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உர்பினாவின் ஆணையை ரத்து செய்தது. வெளிநாட்டவர் ஒருவரை அமெரிக்காவுக்குள் அனுமதிப்பதா வேண்டாமா என்பது அரசின் அதிகாரம், நீதிபதியின் அதிகாரம் அல்ல என்றது தீர்ப்பு.

அப்படியானால் அரசே அனுமதிக்கலாம் அல்லவா? இப்போது அரசு என்றால் ஒபாமா.

ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் பாதாள ஆலோசனை அறையில் திட்டம் தயாரானது. பதினேழு பேரையும் ஒரேயடியாக அழைத்துவந்தால் பரபரப்பாகும். முதலில் இருவர் மட்டும். வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில் உய்குர்கள் கணிசமாக வசிக்கிறார்கள். அங்கே கொண்டுவந்து குடியமர்த்துவது. பத்திரிகைக்குச் சொல்லக்கூடாது. நாடாளுமன்றத்துக்கும் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேர் மளிகைக் கடைக்குப் போய்வருவதையும் வேலைக்குப் போவதையும் மக்கள் பார்த்துவிட்டால், குவாண்டனமோ என்ற பூச்சாண்டி தானாகக் கரைந்துவிடும். நீங்களே ஒருவரைக்கூட எடுத்துக்கொள்ளாதபோது நாங்கள் ஏன் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பியர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நாள் நெருங்கியது. திட்டத்தின் முழு விவரம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

ஆனால் அவர்களைத் தாண்டி ஒரு தகவல் கசிந்து, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் குடியரசுக் கட்சிக்காரர். வடக்கு வர்ஜீனியாவின் பிரதிநிதி. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சீனாவின் மனித உரிமை மீறல்களை எதிர்த்து அதிகம் பேசியவர்களைப் பட்டியலிட்டால் முன்வரிசையில் வருபவர். உய்குர்களின் துயரம் அவருக்குப் புதிதல்ல.

இப்படிப்பட்டவருக்குச் செய்தி தெரிந்தால் மகிழ்ச்சியோடு வாசலில் நின்று வரவேற்பார் என்றுதானே நினைப்போம்?

(தொடரும்)

7. எங்கள் தெருவில் வேண்டாம்

அவர் பெயர் ஃபிராங்க் உல்ஃப். வரவேற்கவில்லை.

கோபத்தின் முதல் காரணம், தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது. தன் தொகுதிப் பக்கத்தில் குவாண்டனமோ கைதிகளை இறக்கப்போகிறார்கள், தனக்கு மூச்சுவிடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஒபாமாவுக்குக் கடிதம் போனது. நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். இவர்கள் பயிற்சி பெற்ற பயங்கரவாதிகள், இவர்களை நம் அக்கம்பக்கத்தில் உலவ விடப்போகிறார்கள் என்று முழங்கினார். நீதிமன்றம் தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் அந்த முழக்கத்தில் காணாமல் போய்விட்டது.

வெள்ளை மாளிகை அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு பேரையும் அன்றிரவே விமானத்தில் ஏற்றியிருக்கலாம். அல்லது ஒபாமாவே தொலைக்காட்சியில் தோன்றி, இவர்கள் நிரபராதிகள், நாம் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதத்தில் அவருடைய செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. ஆனால் சுகாதாரக் காப்பீட்டு மசோதா வரிசையில் காத்திருந்தது. ஒவ்வொரு வாக்கும் அதற்குத் தேவை. இரண்டு உய்குர்களுக்காகச் செனட்டர்களைப் பகைத்துக்கொள்வதா என்று அரசியல் ஆலோசகர்கள் கணக்குப் போட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

என் வாசிப்பில் குவாண்டனமோ வாக்குறுதி தோற்ற இடம் இதுதான். பிறகு வந்த வாக்கெடுப்புகளும் சட்டங்களும் இந்தத் தோல்வியின் சாட்சிகள், அவ்வளவே. எதிர்க்கட்சிக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. நிரபராதிகள் என்று எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பேரைக் காட்டி மிரட்டினாலே இந்த அரசு பின்வாங்குகிறது. அப்படியானால் இருநூற்று நாற்பது பேரைக் காட்டினால்?

காட்டினார்கள்.

சிறையை மூடும் செலவுக்காக ஒபாமா 80 மில்லியன் டாலர் கேட்டிருந்தார். போர்ச் செலவு மசோதாவில் அது ஒரு துளி. மே 20-ஆம் தேதி செனட்டில் வாக்கெடுப்பு. செனட்டில் ஒபாமா கட்சிக்குத்தான் பெரும்பான்மை. முடிவு: பணம் கிடையாது என்று 90 பேர். கொடுக்கலாம் என்று 6 பேர்.

தொண்ணூறுக்கு ஆறு! சொந்தக் கட்சிக்காரர்கள் மொத்தமாகக் கைவிட்டுவிட்டார்கள். செனட்டில் அந்தக் கட்சியின் தலைவர் ஹாரி ரீட், பயங்கரவாதிகளை அமெரிக்காவுக்குள் விட ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம் என்று முந்தின நாளே நிருபர்களிடம் சொல்லியிருந்தார். சிறையில்கூடவா வைக்கக்கூடாது என்று நிருபர்கள் மடக்கியபோது அவர் தடுமாறினார். ஒபாமாவின் பக்கம் நின்ற ஆறு பேரில் ஒருவர் இல்லினாய் மாநிலத்தின் டிக் டர்பின். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பயங்கரவாதிகள் அமெரிக்கச் சிறைகளில் ஏற்கெனவே இருந்தார்கள். 1993-இல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்த ராம்சி யூசுஃப், செப்டம்பர் 11 சதி வழக்கில் தண்டனை பெற்ற ஸக்காரியாஸ் மூசாவி எல்லாரும் கொலராடோ மாநிலம் ஃப்ளோரன்ஸில் உள்ள உச்சக் காவல் சிறையில் அடைபட்டிருந்தார்கள். அந்தச் சிறையிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை. குவாண்டனமோ கைதி ஒருவரைக் கூடுதலாக அங்கே அடைத்தால் அமெரிக்கா அழிந்துவிடும் என்று வாதாடியவர்கள், இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். எல்லாரும் குப்பைக் கிடங்கு வேண்டும் என்பார்கள், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம் என்பார்கள் அல்லவா? ஐம்பது மாநிலங்களும் அப்படித்தான் பேசின.

ஆனால் ஓர் ஊர் கையைத் தூக்கியது. மொன்டானா மாநிலத்தில் ஹார்டின் என்று ஒரு சிற்றூர். வேலைவாய்ப்பு வரும் என்று நம்பிக் கடன் வாங்கிச் சிறை ஒன்றைக் கட்டினார்கள். 464 படுக்கைகள். அடைக்க ஆளில்லை. கட்டடம் பூட்டியே கிடந்தது. குவாண்டனமோ கைதிகளை எங்களிடம் கொடுங்கள் என்று ஊர் மன்றமே தீர்மானம் போட்டது! அந்த மாநிலத்து செனட்டர்கள் பதறிப்போய் மறுத்துவிட்டார்கள். சிறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு இல்லாத பயம், அவனுடைய ஓட்டில் வாஷிங்டன் போனவருக்கு வந்துவிட்டது.

செனட் வாக்கெடுப்புக்கு மறுநாள், மே 21. அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்பிரதி வைக்கப்பட்டிருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒபாமா பேசினார். அவர் முடித்த கையோடு, அதே நகரத்தில் இன்னொரு மேடையில் முன்னாள் துணை அதிபர் டிக் செனி மைக்கைப் பிடித்தார். தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம். புஷ் அரசு செய்தது அத்தனையும் சரி என்று செனி வாதாடியது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஒபாமாவின் உரையில்தான் எதிர்பாராத ஒரு பகுதி இருந்தது. கைதிகளை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். ஐந்தாவது வகை: வழக்குப் போடவும் முடியாது, வெளியே விடவும் முடியாது. அவர்களைத் தொடர்ந்து காவலில் வைத்திருப்போம்.

உலகம் முழுக்க மனித உரிமைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வழக்கில்லாமல் கால வரம்பில்லாமல் பூட்டி வைப்பதற்குத்தானே குவாண்டனமோ என்று பெயர்? அதை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மூடியதாகுமா, குடிமாறியதாகுமா? இந்தக் கேள்விக்கு ஒபாமா பதவி விட்டு இறங்கும்வரை நேரான பதில் வரவில்லை.

நம் பதினேழு பேர் இந்த நேரத்தில் எங்கே? முகாமின் கடலோரப் பகுதியில், இகுவானா முகாம் என்ற இடத்தில். இகுவானா என்றால் அந்தப் பக்கம் திரியும் பெரிய ஓணான். அமெரிக்கச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம், அந்தத் தளத்தில் அதை அடித்தால் அபராதம் உண்டு. ஓணானுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்கச் சட்டம் மனிதனுக்கு மட்டும் செல்லாதா என்று வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய்க் கேட்ட கதையைத் தனியாக ஒரு வாரம் சொல்ல வேண்டும்.

ஜூன் முதல் தேதி. சில பத்திரிகையாளர்களைப் படைத்தளத்துக்கு அழைத்துவந்து சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள் ராணுவத்தினர். இகுவானா முகாமின் வேலிப் பக்கம் வந்தபோது, உள்ளேயிருந்த உய்குர்கள் ஓவியம் வரையத் தரப்பட்ட பெரிய தாள்களைத் தூக்கிப் பிடித்தார்கள். மெழுகு வண்ணக் குச்சியால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நாங்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தாகிவிட்டது, ஆனாலும் சிறையில் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு தாள். அதைப் புரட்டினால் அடுத்தது. நிருபர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் அவசரமாக அவர்களை அங்கிருந்து நகர்த்திச் சென்றார்கள்.

பத்தே நாளில் நான்கு பேருக்கு விடிந்தது. ஜூன் 11 அதிகாலை ஒரு விமானம் பெர்முடாவில் இறங்கியது. அட்லாண்டிக் நடுவே இருக்கும் பிரிட்டிஷ் ஆளுகைக்குட்பட்ட தீவு. பெர்முடாவின் முதல்வர் யூவார்ட் பிரவுன் வாஷிங்டனோடு ரகசியமாகப் பேசி முடித்திருந்தார். பிரிட்டனிடம் யாரும் வாய்திறக்கவில்லை. லண்டன் கொதித்தது, உள்ளூர் எதிர்க்கட்சி பிரவுன்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது, அவர் தப்பித்துக்கொண்டார். நான்கு உய்குர்களுக்கும் கோல்ஃப் மைதானம் ஒன்றில் தோட்ட வேலை கிடைத்தது. உலகப் பெரும்புள்ளிகள் விளையாட வரவிருந்த புல்வெளியை அவர்கள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உல்ஃப் பயந்தது போல் ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஆறு பேர் பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் தீவுக்குப் போனார்கள். மொத்த ஜனத்தொகையே இருபதாயிரம். பலாவுக்கு எப்படி இவ்வளவு துணிச்சல்? அது தைவானோடு ராஜதந்திர உறவு வைத்திருந்த நாடு. பெய்ஜிங்கோடு உறவே இல்லாதபோது பெய்ஜிங் எதை முறித்துக்கொள்ள முடியும்? மிச்சம் ஏழு பேர். 2010-இல் சுவிட்சர்லாந்து இருவர், 2012-இல் எல் சால்வடோர் இருவர். கடைசி மூவர் ஸ்லோவாகியா போய்ச் சேர்ந்தபோது 2013 டிசம்பர் முடிந்துகொண்டிருந்தது. நீதிபதி உர்பினா விடுதலை செய்யச் சொன்ன வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது. எளிதான வழக்கின் லட்சணமே இது.

2009-க்குத் திரும்புவோம். நவம்பர் 13 அன்று ஒரே நாளில் இரண்டு செய்திகள். செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமது உள்ளிட்ட ஐவரை நியூயார்க் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில், கோபுரங்கள் விழுந்த இடத்துக்கு நடக்கும் தூரத்தில், நிறுத்தி வழக்கு நடத்துவோம் என்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அறிவித்தார். அந்தத் துணிச்சலான அறிவிப்பின் கதி என்னவாயிற்று என்பது பெரிய கதை, பிறகு வருகிறது. இரண்டாவது செய்தி சின்னது. கிரெக் கிரெய்க் பதவி விலகுகிறார். குவாண்டனமோ என்ன ஆனாலும் கெட்ட பெயரைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? கைதிகளை என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி ஜனவரியில் யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டதோ அவரே மூட்டை கட்டினார். சில நாள் கழித்து ஆசியப் பயணத்தில் இருந்த ஒபாமா, கெடு தவறிவிடும் என்று ஒப்புக்கொண்டார்.

தேதி போனது. ஆனால் ஆச்சரியம், கிட்டத்தட்ட அதே நேரத்தில் இடம் கிடைத்துவிட்டது!

மிசிசிப்பி ஆற்றங்கரையில், இல்லினாய் மாநிலத்தின் மேற்கு விளிம்பில், தாம்சன் என்று ஒரு கிராமம். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். தர்பூசணிக்குப் பேர்போன ஊர். 2001-இல் மாநில அரசு அங்கே 1,600 அறைகள் கொண்ட நவீன உயர்காவல் சிறை ஒன்றைக் கட்டிவிட்டு, நடத்தக் காசில்லாமல் விட்டுவிட்டது. சின்னக் குற்றங்களுக்காக வந்த இருநூறு பேர் மட்டும் ஓர் ஓரத்தில் இருந்தார்கள். வாங்குங்கள் என்று முன்னால் நின்றவர் அந்த மாநிலத்து செனட்டர். ஆம், ஆறு பேரில் ஒருவரான டிக் டர்பின். கிராமத்து மக்களில் பலரும் வேலை கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள். டிசம்பர் 15-ஆம் தேதி ஒபாமாவின் உத்தரவு வெளியானது: மத்திய அரசு தாம்சன் சிறையைக் கையகப்படுத்த வேண்டும், குவாண்டனமோ கைதிகளில் ஒரு பகுதியினரை அங்கே மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதல்முறையாக ஆணையில் ஓர் ஊரின் பெயர். இன்னும் சில மாதங்கள் தாமதமானாலும் காரியம் நடந்துவிடும் போலத் தோன்றியது.

அடுத்த தடை ஏமன்காரர்கள். மீதமிருந்த கைதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏமன் நாட்டினர். அவர்களில் பலரை ஊருக்கு அனுப்பலாம் என்று ஓல்சனின் குழு சொல்லிவிட்டது. ஏமன் அரசின்மீது நம்பிக்கை இல்லாததால் அதுவரை தயங்கிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் தயக்கத்தை விட்டு, ஆறு பேரைத் தலைநகர் சனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, அடுத்த கூட்டத்தை அனுப்பலாம். ஒபாமா குடும்பத்தோடு ஹவாய் தீவுக்கு விடுமுறையில் போனார்.

டிசம்பர் 25. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய நார்த்வெஸ்ட் 253 விமானம், ஏறக்குறைய 290 பேரோடு டெட்ராய்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். 19ஏ இருக்கையில் இருந்த 23 வயது நைஜீரிய இளைஞர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். இருபது நிமிடம் வெளியே வரவில்லை.

பணக்காரக் குடும்பத்துப் பையன். என் மகனின் போக்கு சரியில்லை, கொஞ்சம் கவனியுங்கள் என்று அவருடைய தந்தையே ஐந்து வாரம் முன்பு அமெரிக்கத் தூதரகத்தின் படியேறிச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எங்கே போயிருக்கிறான் என்று கேட்டார்கள். ஏமன் என்றார் தந்தை.

இளைஞர் இருக்கைக்குத் திரும்பினார். வயிறு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளாடைக்குள் தைத்து வைத்திருந்த பொட்டலத்தைப் போர்வைக்குள் அவருடைய விரல்கள் தேடின.

(தொடரும்)